யார் யார் செருப்பு போடலாம்?

செருப்புக்கெல்லாம் ஒரு பதிவா என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. படிக்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததையெல்லாம் படிப்பது அடியேனின் பழக்கம். செமஸ்டர் முடிகிற நேரத்தில் போன வாரம் முழுக்க செருப்பு, ஷூ, பூட்ஸ் சரித்திரம்தான் ஓடியது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. கல்லும் முள்ளும் குத்தாமல் இருக்கக் கண்டுபிடித்த சாமான் இது. இதை யார் போடலாம், யார் போடக்கூடாது, யார் முன்னால் யார் கழற்ற வேண்டும் என்று மனுஷன் எத்தனை விதி போட்டு வைத்திருக்கிறான்!

முதலில் வயசு. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஃபோர்ட் ராக் என்று ஒரு குகை. 1938ல் லூதர் கிரெஸ்மன் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டியபோது, எரிமலைச் சாம்பலுக்கு அடியில் டஜன் கணக்கில் செருப்புகள் கிடைத்தன. செடிப் பட்டையை முறுக்கிப் பின்னியவை. வயது ஒன்பதாயிரம் வருஷத்துக்கும் மேல். 2008ல் ஆர்மீனியாவில் அரேனி என்ற ஊர்க் குகையில் கிடைத்தது தோல் ஷூ, வயது சுமார் 5,500. ஒரே மாட்டுத்தோல் துண்டைக் காலைச் சுற்றி மடித்து, முன்னாலும் பின்னாலும் தோல் நாடாவால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே புல் திணித்திருந்தது. ஆல்ப்ஸ் பனியில் 1991ல் கிடைத்த ஓட்ஸி மனிதரின் ஷூவிலும் குளிருக்குப் புல்தான். அடிப்பகுதி கரடித் தோல். இங்கே பனிக்காலத்தில் மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற எனக்கு அந்த ஆள் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது :-)

இதுவரைக்கும் எல்லாம் கால் சமாசாரம். ராஜாக்கள் வந்ததும் கதை மாறுகிறது.

எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையை 1922ல் திறந்தார்கள் இல்லையா, அதில் கிடைத்த செருப்பு ஒன்றில் பாதம் படுகிற இடத்தில் கை கட்டப்பட்ட எதிரிகளின் உருவம் இழைக்கப்பட்டிருக்கிறது. அதாவது ராஜா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பகைவனை மிதிக்கிறார். போர்க்களத்துக்குப் போகாமலே தினமும் வெற்றி!

அடுத்து இங்கிலாந்து. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் ஷூவின் முன்முனையை நீட்டிக்கொண்டே போவது ஃபேஷன். 1463ல் நான்காம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. பிரபு அந்தஸ்துக்குக் கீழே இருக்கிறவன் ஷூவின் மூக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பணம் இருந்தாலும் மூக்கை நீட்ட முடியாது!

ஹை ஹீல்ஸ் கதை இன்னும் சுவாரசியம். அது பெண்களுக்காக வந்ததே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் நின்று அம்பு விட வசதியாகக் குதிகாலை உயர்த்தி வைத்தார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய் பிரபுக்களின் காலில் ஏறிக்கொண்டது. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி அரண்மனையில் சிவப்பு ஹீல்ஸ் உயர்குடியினருக்கு மட்டும். 1701ல் ரிகோ வரைந்த லூயியின் படத்தைத் தேடிப் பாருங்கள், சிவப்பு ஹீல்ஸ் பளிச்சென்று தெரியும். இந்த ஹீல்ஸ் மோகத்தால் நடந்த ஒரு கூத்து: உயரமான ஹீல்ஸுக்கு இடது, வலது என்று தனித்தனி மரக்கட்டை செதுக்குவது கஷ்டம் என்று இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் அடித்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஐரோப்பாவில் ஷூவுக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. போட்டுப் போட்டுக் கால்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

பிறகு வெள்ளைக்காரன் கிழக்கே வருகிறான். ஒரு இடத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது நம் பக்கத்து மரியாதை. தொப்பியைக் கழற்றுவது அவன் மரியாதை. இதில் எவ்வளவு அரசியல்! 1854ல் வங்காளத்தில் ஒரு சலுகை அறிவித்தார்கள். ஐரோப்பிய பாணி ஷூவும் காலுறையும் போட்ட இந்தியர் அரசு விழாக்களுக்குள் அப்படியே வரலாம். நாட்டுச் செருப்பு போட்டவர் வாசலில் கழற்ற வேண்டும். இரண்டும் தோல்தான், ஆனால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

பர்மாவில் இது முற்றிவிட்டது. மன்னரைப் பார்க்க வருகிற தூதர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும் என்பது அரண்மனை முறை. இனிமேல் கழற்றாதே என்று 1875ல் பிரிட்டிஷ் இந்திய அரசு உத்தரவு போட, அதற்கப்புறம் பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு மன்னர் தரிசனமே இல்லை. நேரில் பேச வழியில்லாமல் போனது. 1885 போருக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன என்றாலும், இந்த ஷூ தகராறும் உறவைக் கெடுத்ததில் பங்கு வகித்தது. நாட்டைப் பிடித்தபிறகு வெள்ளையர்கள் புத்த கோயில்களுக்குள்ளும் ஷூவோடு நடந்தார்கள். 1916 வாக்கில் பௌத்த இளைஞர் சங்கத்தினர் எதிர்ப்பைத் தீவிரமாக்க, 1919ல் அந்தந்தக் கோயில் வளாகத்தில் இதைத் தலைமைப் பிக்குவே முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. பர்மிய தேசிய இயக்கத்துக்குக் கிடைத்த ஆரம்ப வெற்றிகளில் ஒன்று செருப்பு விஷயத்தில்!

சரி, செருப்பு ஏழைக்கும் கட்டுப்படியாகும் சாமான் ஆனது எப்போது? அந்தக் கதை நான் இருக்கிற மாசசூசெட்ஸிலேயே நடந்தது. பாஸ்டனிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் லின் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஷூ தலைநகரம். அந்தக் காலத்தில் இந்த மாநிலத்துப் பட்டறைகளிலிருந்து தெற்கே போன மலிவான முரட்டு ஷூக்கள், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு. அடிமைக்கென்றே தனி ரக ஷூ! பிரேசிலில் அதுவும் கிடையாது. வெறுங்கால்தான் அங்கே அடிமையின் அடையாளம்.

லின்னில் தையல், வெட்டு என்று ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு மாறிவிட்டது. ஒரே ஒரு வேலை மட்டும் பிடிபடவில்லை. கால் வடிவ மரக்கட்டை மேல் தோலை இழுத்து, சுருக்கம் விழாமல் மடித்து, அடித்தோலோடு ஆணியால் பொருத்துகிற வேலை. ஒரு கெட்டிக்காரத் தொழிலாளி நாளைக்கு ஐம்பது ஜோடி செய்வார். இதை எந்த இயந்திரமும் செய்யாது என்று அடித்துச் சொன்னார்கள்.

செய்து காட்டியவர் யான் மாட்ஸெலிகர். 1852ல் தென்னமெரிக்காவின் சுரினாமில் பிறந்தவர். அப்பா டச்சுக்காரர், அம்மா கறுப்பினப் பெண். லின்னுக்கு வந்து ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, ராத்திரியில் சுருட்டுப் பெட்டிப் பலகையையும் கம்பியையும் வைத்து மாதிரி இயந்திரம் கட்டினார். காப்புரிமைக்கு அனுப்பிய வரைபடம் அதிகாரிகளுக்கே புரியவில்லை. வாஷிங்டனிலிருந்து ஆள் வந்து இயந்திரத்தை நேரில் பார்த்துவிட்டுப் போனார். 1883 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. அந்த இயந்திரம் மெருகேறியபோது நாளைக்கு எழுநூறு ஜோடி வரை முடித்தது. ஷூ விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. லின்னில் சில தேவாலயங்கள் கறுப்பர் என்று அவரைச் சேர்க்கவில்லை. 1889ல் காசநோயில் இறந்தபோது 37 வயதுகூட நிறையவில்லை. 1991ல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. உலகத்துக்கே ஷூவை மலிவாக்கிய மனிதருக்கு நூறு வருஷம் கழித்து ஒரு ஸ்டாம்ப்!

அதற்கப்புறம் ரப்பர் வந்தது. ஜப்பானியரின் வைக்கோல் செருப்பு ரப்பருக்கு மாறி, நம்ம ஊர் ஹவாய் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது. அடிமைகள் வெறுங்காலோடு நடந்த அதே பிரேசிலில்தான் 1962ல் ஹவாயானாஸ் ரப்பர் செருப்பு பிறந்தது. ஜப்பான் மூலத்தின் ஞாபகமாக அதன் மேற்பரப்பில் அரிசி மணி வடிவம் இன்னும் இருக்கிறது.

ஆக, விலைப் பிரச்சினை தீர்ந்தது. விதி தீர்ந்ததா? இங்கேதான் நம்ம வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்று சொல் இருக்கிறது. நமக்கு அவ்வளவு பழைய சாமான். இன்றைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூக்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அதே தமிழ்நாட்டில், ஆதிக்க சாதியார் தெருவுக்குள் வந்தால் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற வழக்கம் பல கிராமங்களில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதப்படுத்தி, செருப்பைத் தைத்துக் கொடுத்தவர்களுக்கே அதைப் போட்டு நடக்க உரிமையில்லை. தீண்டாமையை 1950லேயே அரசியல் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர் என்ற கிராமத்தில், அருந்ததியர் மக்கள் அறுபது பேர் ஒரு தெருவில் செருப்புக் காலோடு நடந்தது செய்தியானது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில்.

செருப்பைக் கழற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. கோயில், மசூதி, வீட்டு வாசல் எல்லா இடத்திலும் கழற்றுகிறோம். இங்கே என் அறைக்கு வருகிற அமெரிக்க நண்பர்களையும் கழற்ற வைத்துத்தான் உள்ளே விடுகிறேன். எல்லோரும் கழற்றினால் அது மரியாதை. ஒரு தெருவில் சிலர் மட்டும் கழற்ற வேண்டும் என்றால், துட்டன்காமுன் செருப்பில் கை கட்டிக் கிடந்த உருவத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் ஊரில் இந்த வழக்கம் இருந்ததா? எப்போது, யார் முதலில் மீறினார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். பாரிஸ் அரண்மனை ஹீல்ஸ் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதை நாமதான் எழுதி வைக்கணும்.