ஒலிக்காத எழுத்துக்கள்

‘அறிதல்’ என்னும் பொருளுடைய ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முதலில் ‘கே’ என்னும் எழுத்தை இட்டுவிட்டு, உச்சரிக்கும்போது அதை அறவே விட்டுவிடுகிறோமே, இது என்ன நியாயம் என்று மனத்துக்குள்ளாவது கேட்டுக்கொள்ளாத மாணவன் இருக்கமாட்டான். நியாயம் உண்டு, அதைக் காண அந்தப் பாஷையின் பூர்வ சரித்திரத்துக்குள் சற்றுத் தூரம் செல்லவேண்டும்.

ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாதல் வேண்டும் என்று 1786-இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்தார். அந்தக் குடும்பத்திலேயே பிறந்த, ஆங்கிலமும் சேர்ந்த ஜெர்மானியக் கிளை மட்டும் மெய்யொலிகளில் ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது என்பதை டென்மார்க்குப் பண்டிதர் ராஸ்க் ஆராய்ந்தார். அவர் கண்டவற்றை 1822-இல் ஜேக்கப் கிரிம் ஒரு நியதியாகவே வகுத்துக் காட்டினார். ‘பாத’ என்பதன் பகரம் ‘ஃபுட்’ என்பதில் உரசொலியாயிற்று. இடையிலிருந்த மெல்லோசை வல்லோசையாயிற்று. அவ்வாறே, ‘கங்கை’யின் முதலெழுத்தைப்போல் ஒலித்த தொன்மையான மெய், ‘கல்’ என்பதன் ககரமாக இறுகிற்று. நாம் ‘ஞானம்’ என்கிறோமே, அதன் தாதுவும் ஆங்கில ‘நோ’வும் உடன்பிறந்தவை என்பதை அறியும்போது எனக்கு உண்டாகும் வியப்பு இன்னும் தீரவில்லை.

இறுகிய அந்தக் ககரம் 14-ஆம் நூற்றாண்டில் சாஸர் கவிதை பாடிய காலத்தில் தெளிவாகவே ஒலித்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் அது தேய்ந்து மறையத் தொடங்கிற்று. முழங்காலைக் குறிக்கும் சொல்லை ஜெர்மானியர் இன்றும் ‘க்னீ’ என்றே சொல்கின்றனர். காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. நாவோ தன் போக்கில் மாறிக்கொண்டே சென்றது.

இரவைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் நடுவில் நிற்கும் இரண்டு ஊமை எழுத்துக்களுக்கும் இதுவே காரணம். ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். இடையிலுள்ள ககரம் தொண்டையருகே இலேசாக உரசுகிறதல்லவா? ஏறக்குறைய அத்தகைய ஓர் ஒலி, அதைக்காட்டிலும் அழுத்தமாக, அங்கே இருந்தது. ஸ்காட்லாந்தின் பேச்சுவழக்கில் அதை இன்றும் கேட்கலாம். போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’டோ முதலிலும் இடையிலும் ஒலி இழந்து, செவிக்கு இரவோடு ஒன்றாகிவிட்டது. ஆனால் அவ்வுரசொலி எங்கும் ஒரே கதியை அடையவில்லை: ‘டாட்டர்’ என்பதில் அது மாய்ந்தது; ‘லாஃப்’, ‘காஃப்’ என்பவற்றில் உதட்டுக்கு நகர்ந்து ஃபகரமாயிற்று. பல வட்டாரங்களின் உச்சரிப்புக்கள் கலந்து உருவான பொதுமொழியில், சில சொற்களுக்கு ஒரு வழக்கும் வேறு சிலவற்றுக்கு மற்றொரு வழக்கும் நிலைத்துவிட்டன.