குளிர்பானங்கள்: எதற்கு அஞ்ச வேண்டும்?

நம் பங்குகளில் குளிர்பானம் இல்லாத விசேஷம் இல்லை என்றாகிவிட்டது. அன்பியக் கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர். புதுநன்மை விருந்தில் இலைக்கு ஒரு சின்னப் பாட்டில். மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் கையில் ஒரு பெரிய பாட்டில். வீடு மந்திரிக்கப் போகும் நாளில் பத்து வீட்டில் பத்து டம்ளர் என் முன்னே வரும். வந்தவருக்குக் 'கலர்' கொடுப்பது நம் ஊரில் மரியாதை. அன்போடு நீட்டுகிற அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் படித்துப் பார்த்திருக்கிறோம்?

குளிர்பானம் கெடுதல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூச்சிக்கொல்லிதான். 2003 ஆகஸ்டில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பானங்களைப் பரிசோதித்து, லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் எச்சங்கள் இருப்பதாக அறிவித்தது. நாடே அதிர்ந்தது. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. 2006இல் கேரள அரசு கோலா பானங்களைத் தடை செய்தது. சில வாரங்களிலேயே உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அதிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாட்டிலுக்குள் யாரோ ஒளித்து வைத்த விஷத்தையே தேடுகிறோம். அது இல்லை என்றால் பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம்மை அதிகம் கெடுப்பது ஒளிந்திருக்கவில்லை. லேபிளில் அச்சடித்தே இருக்கிறது. அது சர்க்கரை.

பல கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. ஒரு டம்ளர் தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் குடிப்போமா? ஆனால் குளிர்பானத்தில் குளிர்ச்சியும் புளிப்பும் அந்தத் திகட்டலை மறைத்துவிடுகின்றன. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. அந்த 25 கிராமும் ஒரு பாட்டிலிலேயே தீர்ந்துவிடுகிறது.

உள்ளே போன சர்க்கரை குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் விரைவாக ரத்தத்தில் ஏற, கணையம் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கிறது. பிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. தேவைக்கு மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகப் படிகிறது. மதுவையே தொடாதவருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு இட்லி சாப்பிட்டால் வயிறு 'போதும்' என்று சொல்லும். திரவமாகப் போகும் சர்க்கரைக்கு அப்படிச் சொல்வதில்லை. குடித்தபிறகும் வழக்கமான சோற்றைத்தான் சாப்பிடுகிறோம். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

அடுத்தது அமிலம். கோலாவில் பாஸ்பாரிக் அமிலமும், எலுமிச்சைச் சுவைப் பானங்களில் சிட்ரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். ராத்திரி பல்லைப் போட்டுவைத்தால் காலையில் கரைந்துவிடும் என்பது வெறும் கதை. ஆனால் பல்லின் எனாமலை இந்த அமிலம் அரிப்பது உண்மை. ஒரே மடக்கில் குடிப்பதைவிட ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது பல்லுக்கு அதிகக் கெடுதல். குடித்த கையோடு பல் துலக்கவும் கூடாது. இளகிய எனாமல் தேய்ந்துபோகும். கோலாவிலுள்ள கஃபீன் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும்.

'சர்க்கரை இல்லாதது' என்று விற்பதும் முழுத் தீர்வல்ல. உடல் எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

2017இல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழக வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தன. பலர் உள்ளூர்ப் பானங்களுக்கு மாறினார்கள். நம் ஊர்த் தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் சர்க்கரைக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. கணையத்துக்கும் தெரியாது!

பெற்றோர் ஒன்றை மிகவும் கவனிக்கவேண்டும். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குத் தெம்புக்கு என்று குளிர்பானமோ பாக்கெட் பழரசமோ கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த உப்பு-சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. கோலாவிலோ சுமார் 100 கிராம் சர்க்கரை. இவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இழந்த உப்பும் திரும்பாது. இனிப்புப் பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. எனவே மருந்துக்கடையில் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ள பொட்டலம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

திருவிழா அசனத்துக்கு இப்போதே பாட்டில் பெட்டிகளுக்குச் சொல்லிவைக்கும் பங்குப்பேரவையினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை இரண்டு அண்டா மோர் கலக்கிவையுங்கள். பானகம் வேண்டாம், வெல்லமும் சர்க்கரைதான்.