வீடு நகரும், அனுமதி நகராது

பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் ரோஷன்வாலா என்றொரு கிராமம். டெல்லி–அமிர்தசரஸ்–கட்ரா விரைவுச்சாலைக்காக எடுத்த நிலத்தில் ஒரு விவசாயியின் இரண்டு மாடி வீடும் மாட்டிக்கொண்டது. இழப்பீடு கிடைக்கும்தான், ஆனால் இன்னொரு வீடு கட்ட அவருக்கு மனமில்லை. 2022-இல் வீட்டை அப்படியே ஜாக்கியில் ஏற்றி, 500 அடி தள்ளி வைக்கும் வேலையைத் தொடங்கினார். செய்தி நாடெங்கும் பரவியது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத் குத்புல்லாபூர் பகுதியின் சிந்தலில் நடந்தது வேறு கதை. தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட ஒரு வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தியபோது, அது பக்கத்துக் கட்டடத்தின் மேல் சாய்ந்தது. மாநகராட்சி அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு வீட்டை இடித்தது. வேலைக்கு அனுமதியே வாங்கவில்லை என்றும் தெரியவந்தது.

ஹைதராபாத்தைச் சுற்றி ரீஜனல் ரிங் ரோடு வரப்போகிறது. சங்காரெட்டி, நர்சாபூர், தூப்ரான், கஜ்வேல், சௌட்டுப்பல் பக்கம் நிலமும் பண்ணை வீடும் வைத்திருப்பவர்களுக்கு, ‘இடிக்க விடுவதா, பெயர்த்து நகர்த்துவதா’ என்ற கேள்வி வரலாம். ஜாக்கிக்காரரைக் கூப்பிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எங்கே சறுக்கும்?

சுவரின் இருபுறமும் பள்ளம் தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து, அங்கே இரும்புச் சட்டத்தையும் ஜாக்கியையும் கொடுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லா ஜாக்கியையும் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு மூலை முந்தினாலோ பிந்தினாலோ சுவர் வெடிக்கும். இடம் மாற்றுவதென்றால், உயர்த்திய வீட்டைத் தண்டவாளம்போல் போட்ட இரும்புப் பாதையில் உருளைகள் மேல் அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும்.

கான்கிரீட் பெல்ட் போட்ட வீடு இதை ஓரளவு தாங்கும். மண் சாந்திலோ சுண்ணாம்புக் காரையிலோ கட்டிய பழைய கல்வீட்டுக்குக் கீழே அப்படி இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. செவெல்லா, சங்கர்பள்ளி, விகாராபாத் பக்கம் கரிசல் மண் வேறு. மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் அந்த மண்ணில், புதுக் கடைக்காலை மண் பரிசோதனை இல்லாமல் போட்டால், பத்திரமாக வந்து சேர்ந்த வீடு அடுத்த பருவத்தில் விரிசல் விடும்.

பக்கத்தில் தோண்டும் பள்ளமும் ஆபத்துதான். 2024 நவம்பரில் கச்சிபௌலி சித்திக் நகரில் பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழி தோண்டியபோது ஓர் அடுக்குமாடி சாய்ந்தது. அதையும் இடிக்கத்தான் வேண்டியிருந்தது.

எந்த அனுமதி வேண்டும்?

பழைய இடத்துக்கு வாங்கிய பிளான் அப்ரூவல் அந்த இடத்துக்கு மட்டுமே. புதுக் கடைக்காலில் வீடு உட்கார்ந்தால், அனுமதி விஷயத்தில் அதைப் புதுக் கட்டடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியோ, ஹெச்.எம்.டி.ஏ. எனும் பெருநகர வளர்ச்சி ஆணையமோ, ஊராட்சியோ, அந்தந்த எல்லைக்குரிய அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

புது இடம் விவசாய நிலம் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றியாக வேண்டும். ஏரி, குளம் அருகில் என்றால் இன்னும் கவனம் தேவை. 10 ஹெக்டேரும் அதற்கு மேலுமுள்ள நீர்நிலையின் முழுக் கொள்ளளவு எல்லையிலிருந்து 30 மீட்டர், அதைவிடச் சிறியதற்கு 9 மீட்டர் விட வேண்டும் என்கின்றன 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். 2024 ஆகஸ்டில் கண்டிப்பேட்டை ஏரிப் பக்கம், நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றும் ஹைட்ரா அமைப்பு கட்டடங்களை இடித்ததை மறக்க வேண்டாம்.

சாலைக்கு நிலம் போனால்?

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தரலாம். இழப்பீடு நிலத்துக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும் உண்டு. குடியிருப்பை மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவையும் கேட்கலாம். தொகை போதாதென்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் முறையிட வழியிருக்கிறது. அநேகமாக அவர் மாவட்ட ஆட்சியராக இருப்பார்.

‘வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கும் முன், அதனால் கட்டடத்துக்கான இழப்பீடு குறையுமா என்று நில எடுப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். எத்தனை அடி உயரம், எவ்வளவு தூரம், எத்தனை நாள், புதுக் கடைக்கால் யார் பொறுப்பு, விரிசல் விட்டால் யார் சரிசெய்வது, பக்கத்து வீட்டுக்குச் சேதமானால் யார் கொடுப்பது, தொழிலாளர் காப்பீடு யார் எடுப்பது என்பதெல்லாம் முத்திரைத்தாளில் வர வேண்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்; கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக எழுதுங்கள்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே அமர்த்துங்கள்; கான்டிராக்டரின் ஆள் வேண்டாம். வேலைக்கு முன் உங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் தேதியோடு படம் எடுங்கள். பழைய விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினால், அது உடைந்ததுமே சுவர் அசைந்தது தெரிந்துவிடும். ஜாக்கி ஏறிய நாள் முதல் இறங்கும்வரை வீட்டில் யாரும் தங்கக் கூடாது.

காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நிலம் தாழ்வதற்கான பாதுகாப்பு உண்டு. ஆனால் கட்டுமான மாற்றத்தாலோ தோண்டியதாலோ தாழ்ந்தால் அது செல்லாது.

கெட்டுப்போனால்?

வீடு சாய்கிற அறிகுறி தெரிந்தால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். 112-ஐயும் மாநகராட்சியையும் அழையுங்கள். கான்டிராக்டரின் குறைபாட்டுக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். வழிகாட்டலுக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலை தொடங்கும் முன்பே உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். அஜாக்கிரதையாகக் கட்டடத்தை இடிப்பதும் பழுதுபார்ப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவில் குற்றம். உயிர் போனால் 106-ஆம் பிரிவு பாயும்.

அனுமதி இல்லாமல் தொடங்கினால் நஷ்டம் மட்டுமல்ல, வழக்கும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். மண் பரிசோதனை அறிக்கை, இன்ஜினியர் சான்று, அனுமதிக் கடிதம், கையெழுத்தான ஒப்பந்தம் நான்கும் கைக்கு வரும்வரை உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க விடாதீர்கள்.