பந்தயப் புகழ் மண்டபமும் நமது கல்லாவும்

மோட்டார் பந்தயத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். ஒரு பெரிய மண்டபமோ, பந்தயமோ, விளையாட்டு விழாவோ ஓர் ஊருக்கு வரப்போகிறது என்றால், "ஊரில் வியாபாரம் பெருகும்" என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நம்மைச் சாக்கிட்டுத்தான் அரசுப் பணம் ஒதுக்கப்படுகிறது. ஆதரவுத் தீர்மானமும் வணிகர் சங்கங்களிடம்தான் கேட்கப்படுகிறது. ஆகவே அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஐந்து ஊர்களின் போட்டி

அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்ற நிறுவனம் 1948-ல் டேட்டோனா பீச் என்ற கடற்கரை ஊரில் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற ஓட்டுநர்களின் படங்கள், அவர்கள் ஓட்டிய கார்கள், பெற்ற கோப்பைகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டும் புகழ் மண்டபம் ஒன்றை அமைக்க அது எண்ணியது. ஆனால் தானே இடம் வாங்கிக் கட்டவில்லை. எந்த ஊர் என்ன தரும் என்று கேட்டது. 2005-ல் அட்லாண்டா, சார்லட், டேட்டோனா பீச், கான்சாஸ் சிட்டி, ரிச்மண்ட் ஆகிய ஐந்து ஊர்கள் போட்டியில் நின்றன.

மண்டியில் ஏலம் நடப்பதை நாம் அறிவோம். சரக்கு ஒன்று, கேட்பவர் பலர் என்றால் விலை ஏறும். இதுவும் அப்படித்தான். பெயருக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்த இடத்தில் இருக்க, ஊர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இடம், கட்டடம், வரிப்பணம் என்று தருவதை ஏற்றிக்கொண்டே போயின. 2006 மார்ச் 6 அன்று சார்லட் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

சார்லட் வென்றதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பந்தயக் குழுக்களில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் அந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் அங்கேயே குடியிருக்கிறார்கள். லாரிக்கு ஒரு புகழ் மண்டபம் கட்டுவதென்றால், பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லை விட்டு வேறு ஊரை யார் நினைப்பார்கள்? அதுபோலத்தான். இரண்டாவது காரணம் பணம். தங்கும் விடுதி அறை வாடகை மீதான வரியை 2 சதவீதம் உயர்த்தி அந்தப் பணத்தில் கட்டித் தருவதாக சார்லட் முன்வந்தது.

கணக்கும் நடப்பும்

மண்டபம் 2010 மே 11-ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் கட்டிய பெரிய விருந்துக் கூடத்தையும் சேர்த்து ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவு. முதலாண்டில் 8 லட்சம் பேர் வரை வருவார்கள் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. நடத்தும் செலவுக்கே வரவு போதவில்லை. 2015-ல் வங்கிகளுடன் பேசி, கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துகொள்ள நேர்ந்தது. நாஸ்காருக்குத் தர வேண்டிய உரிமைத் தொகை பாக்கியும் அப்போதே தீர்த்துக்கொள்ளப்பட்டது. மண்டபம் இன்றும் நடக்கிறது. ஆனால் போட்ட கணக்கு வேறு, நடந்த கணக்கு வேறு.

தோற்ற ஊர் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் இருந்துவந்த வேறொரு மோட்டார் பந்தயப் புகழ் மண்டபம் 2016-ல் டேட்டோனாவுக்கு இடம் மாறி வந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கட்டடத்தை நகர்த்த முடியாது, மண்டபத்தின் பெயரும் பொருள்களும் இடம் மாறும். அதை நம்பி எதிரே கடை பிடித்து முன்பணம் கொடுத்தவர் அந்த இடத்திலேயே நிற்பார்.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டில் ஊர்கள் போட்டியிட்டது மண்டபத்துக்கு அல்ல, பந்தயத்துக்கு. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் இந்தியாவுக்கு வரும் என்ற பேச்சு எழுந்தபோது ஐதராபாத், பெங்களூரு, மும்பை என்று பல ஊர்களின் பெயர்கள் அடிபட்டன. கடைசியில் டெல்லிக்கு அருகில் கிரேட்டர் நொய்டாவில் தனியார் நிறுவனம் ஒன்று ஓடுதளம் அமைத்தது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் பந்தயம் நடந்தது. இது விளையாட்டா, கேளிக்கையா, எந்த வரி யார் கட்டுவது என்ற தகராறு கிளம்பியது. 2013-க்குப் பிறகு அந்தப் பந்தயம் இந்தியாவுக்கு வரவே இல்லை. வருமான வரி வழக்கில் 2017-ல்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

ஐதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளில் 2023 பிப்ரவரி 11 அன்று மின்சாரக் கார் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடியும் நடப்பதாக இருந்தது. இடையில் ஆட்சி மாறியது, பந்தயம் ரத்தானது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் 2023 டிசம்பரில் நடக்க இருந்த பந்தயம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இரவில் நடந்தது. இதில் அரசுப் பணம் செலவிடலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

நமக்கு அருகில் உள்ள கோவையின் கதை வேறு. பம்பு செட்டும் வார்ப்படமும் பட்டறையும் அந்த ஊரின் தொழில். அதிலிருந்து தானாகவே பந்தயம் முளைத்தது. கரிவரதன் அங்கே பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1995-ல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் பழைய கார் காட்சியகமும் 2015 முதல் அங்கே இருக்கிறது. இவையெல்லாம் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்த தொழிலின் பலத்தில் வந்தவை.

கூட்டமா, குடித்தனமா?

நமது சேலமும் போட்டியில் நின்ற ஊர்தான். உருக்காலை வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 1970-ல் சேலம், விசாகப்பட்டினம், விஜயநகரம் ஆகிய மூன்று இடங்களுக்கும் சேர்த்து மத்திய அரசு அறிவித்தது. அடிக்கல் நாட்டிய பிறகும் உற்பத்தி தொடங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஆலை பல ஆண்டுகள் நட்டக் கணக்கும் காட்டியிருக்கிறது. ஆனாலும் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறவர்கள். மாதா மாதம் பற்று எழுதி, சம்பளத் தேதியில் தீர்க்கும் வாடிக்கை மளிகைக் கடையின் முதுகெலும்பு.

பந்தயம் பார்க்க வருபவர் துவரம் பருப்பு வாங்குவதில்லை. அவர் பணம் விடுதிக்கும் ஓட்டலுக்கும் வாடகைக் காருக்கும் போகும். குளிர்பானமும் தண்ணீர் பாட்டிலும் விற்கலாம். அதையும் பெரும்பாலும் வளாகத்துக்குள் குத்தகை எடுத்தவரே விற்பார்.

திருவிழாக் கூட்டம் நமக்குப் புதிதல்ல. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருகிறது. பனமரத்துப்பட்டிக் கடைக்காரர் கூடத் தேதி பார்த்து, செவ்வாய்ப்பேட்டைக்கு முன்கூட்டியே சொல்லிச் சரக்கு எடுக்கிறார். யார் ஆட்சியில் இருந்தாலும் ஆடி வரும். அந்த உறுதி பந்தயத்துக்குக் கிடையாது.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

இப்படி ஏதேனும் ஒரு திட்டம் நமது பகுதிக்கு வரும்போது, ஆதரவுத் தீர்மானம் போடும் முன் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. கட்டும் செலவு யாருடையது? வரியாக வந்தால் எந்த வரி, எத்தனை ஆண்டுக்கு?

2. வருவோர் எண்ணிக்கையைச் சொன்னவர் யார்? அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வந்தால் நட்டம் யார் தலையில் விழும்?

3. ஆண்டில் எத்தனை நாள் நடக்கும்? அந்த நாட்களில் நமது கடைவீதி திறந்திருக்குமா, பாதை அடைக்கப்படுமா?

4. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? நடுவில் நின்றால் ஊருக்கு என்ன ஈடு?

இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் மனமார ஆதரிப்போம். ஊருக்குப் பெருமை வருவதை எந்த வணிகரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பதில் வரும் வரை கடன் வாங்கிச் சரக்கைக் குவிப்பதும், இருக்கிற கடையை விட்டுப் புதுக் கடை பிடிப்பதும், நன்கொடைச் சீட்டில் பெரிய தொகை எழுதுவதும் வேண்டாம் என்பதே உறுப்பினர்களுக்கு நமது யோசனை.