கிராஃப் என்றால் என்ன? வாவியின் இரு கரைகளில் இருந்து ஒரு விளக்கம்

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் அக்காவின் மகள் கடந்த விடுமுறையில் வந்திருந்தபோது, தன் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தாள். ஐந்தாறு புள்ளிகள், அவற்றை இணைத்துச் சில கோடுகள். அவ்வளவுதான்.

“இதையும் கிராஃப் எண்டுதான் சொல்றாங்க மாமா. அச்சும் இல்ல, அளவுத்திட்டமும் இல்ல. இது எப்படி கிராஃப் ஆகும்?”

படுவான்கரையில் பல வருடங்களாகக் கணிதம் படிப்பிப்பவன் நான். நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

‘கிராஃப்’ என்பதன் வேர் கிரேக்கச் சொல் ஒன்று. அதன் முதற்பொருள் கீறுதல். பிறகுதான் எழுதுதல், வரைதல் என்று விரிந்தது. இது நமக்குப் புதிதல்ல. நாம் இன்றும் “படம் கீறு” என்றுதான் சொல்கிறோம். ஓலையில் எழுத்தாணியால் கீறியதுதான் எழுத்து. கண்ணுக்கு மையையும் எழுதுகிறோம். கீறலும் எழுத்தும் படமும் ஒரே கையில் இருந்து வந்தவை. அதனால்தான் போட்டோகிராஃப், டெலிகிராஃப், கார்டியோகிராஃப் என்று எத்தனையோ சொற்களின் வாலில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாடசாலையில் நாம் அறிந்த கிராஃப், வரைபு. கிடையாக ஓர் அச்சு, நிலைக்குத்தாக ஓர் அச்சு. ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்பதைக் கோடு காட்டும். நாட்டின் வர்த்தகக் கணக்குகளை இப்படிக் கோடுகளாக்கி 1786இல் நூலாக வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். இன்று விலைவாசி, மழைவீழ்ச்சி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் இந்த உருவத்தில்தான் நம்மிடம் வருகின்றன.

விஞ்ஞானப் பாடத்தில் ‘இடப்பெயர்ச்சி – நேர வரைபு’ என்று ஒன்று உண்டு. தொடங்கிய இடத்தில் இருந்து நேர்கோட்டில் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதுதான் இடப்பெயர்ச்சி. சுற்றித் திரிந்துவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டால் அது பூச்சியம். நடந்த தூரம் வேறு கணக்கு. அது குறையவே குறையாது. 2007 மார்ச்சில் படுவான்கரையில் இருந்து எழுவான்கரை முகாம்களுக்குப் போய், பிறகு திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நான் படிப்பித்திருக்கிறேன். இடப்பெயர்ச்சிக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வகுப்புக்கு இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வைத்தியசாலையில் கிராஃப் என்பது ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தை நேரத்துக்கு எதிராகக் கீறும் தாள். ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன், ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 செக்கன். இதைக் கண்டறிந்த வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பழைய கல்லடிப் பாலம் கட்டப்பட்டதும் அதே வருடம்தான்.

இனி மருமகளின் கொப்பிக்கு வருவோம். அதில் இருப்பது வேறு வகை. இங்கே புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, கோடு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் முக்கியமில்லை. எது எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. 1735இல் லெனாட் ஒயிலர் தீர்த்த புதிர் ஒன்றில் இருந்து இந்தக் கணிதம் தொடங்கியது என்பார்கள். கோனிக்ஸ்பேர்க் நகரில் ஆற்றின் இரு கரைகளையும் இரண்டு தீவுகளையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து எல்லாவற்றையும் நடந்து முடிக்க முடியுமா? முடியாது என்று ஒயிலர் நிறுவினார். ஒற்றை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகள் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு மட்டும் இருக்க வேண்டும். அங்கே நான்கு இருந்தன. அந்த ஏழு பாலங்களில் இரண்டு பின்னர் 1944 குண்டுவீச்சில் அழிந்தன. இத்தகைய உருவத்துக்கு ‘கிராஃப்’ என்ற பெயரை 1878இல் வைத்தவர் சில்வெஸ்டர் என்ற கணிதர்.

நமது வாவியையும் இப்படிக் கீறிப் பாருங்கள். புளியந்தீவும் கோட்டைமுனையும் சேர்ந்த நகரப் பக்கம் ஒரு புள்ளி. கல்லடியில் இருந்து தெற்கே நீளும் எழுவான்கரை ஒரு புள்ளி. படுவான்கரை ஒரு புள்ளி. கல்லடிப் பாலம் நகரத்தையும் எழுவானையும் இணைக்கிறது. வலையிறவுப் பாலம் நகரத்தையும் படுவானையும் இணைக்கிறது. மண்முனை, பட்டிருப்புப் பாலங்கள் எழுவானையும் படுவானையும் இணைக்கின்றன. நகரத்தில் இரண்டு கோடுகள், மற்ற இரண்டிலும் மும்மூன்று. ஆகவே நான்கு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து ஒரு பயணம் போகலாம். ஆனால் எழுவானில் தொடங்கினால் படுவானில்தான் முடியும்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அங்கே ‘பாதை’தான் ஓடியது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றே சொல்வோம். போர்க்காலத்தில் பாதை பொழுது படுமுன் நின்றுவிடும். பாலங்களில் சோதனைச்சாவடி.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தது. அக்கரை விளக்குகள் எங்கள் துறையில் இருந்து தெரிந்தன. விடியும் வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். காலையில் கடந்துபோய் வைத்தியசாலையில் ஈ.சி.ஜி எடுத்தார்கள். வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, “எத்தனை மணிக்கு நோ தொடங்கியது?” என்று மட்டும் கேட்டார். அப்பா பிறகு ஆறு வருடம் இருந்தார், வயலுக்குள் இறங்கவில்லை.

அந்தத் தாள் இதயத்துக்கு என்ன நடந்தது என்று சொன்னது. ஏன் நடந்தது என்பது மற்றக் கிராஃபில் இருந்தது. அன்றிரவு எங்கள் புள்ளியில் இருந்து வைத்தியசாலைக்கு ஒரு கோடும் இருக்கவில்லை.

கோடுகளுக்குப் பெறுமானமும் இடலாம். கைத்தொலைபேசி வழி காட்டுவது இப்படித்தான். சந்திகள் புள்ளிகள், வீதிகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தூரம் அல்லது நேரம். அவற்றைக் கூட்டி மிகக் குறைந்த வழியைத் தேடும் முறைகளில் புகழ்பெற்றது டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. போர்க்காலத்தில் நாங்கள் எல்லோருமே மனதுக்குள் அந்தக் கணக்கைப் போட்டோம். எங்கள் கோடுகளில் கிலோமீற்றர் இருக்கவில்லை; சாவடியில் நிற்கும் மணித்தியாலங்கள் இருந்தன.

இன்னொன்றையும் மருமகளுக்குச் சொன்னேன். இந்தக் கணிதத்தில் ‘பாலம்’ என்பது ஒரு கலைச்சொல். எந்தக் கோட்டை அழித்தால் உருவம் இரண்டாகப் பிரிந்துவிடுமோ அதற்குத்தான் அந்தப் பெயர். அதாவது பாலம் என்பது இங்கே ஒரு பலவீனம். மேலே கீறிய படத்தில் எந்த ஒரு பாலத்தை மூடினாலும் மூன்று புள்ளிகளும் இணைந்தே இருக்கும். ஆனால் அதே படத்தை ஊர் ஊராகப் பிரித்து, வயல்வெளி ஊர்களுக்கும் ஒவ்வொரு புள்ளி வைத்துக் கீறினால், ஒரே கோட்டில் தொங்கும் ஊர்கள் தெரியவரும். ஒரு சப்பாத்துப் பாலத்தின் மேல் வெள்ளம் பாய்ந்தால் போதும், அந்த ஊர் தனித்துவிடும்.

தமிழ்நாட்டில் கிராஃப், மாப் இரண்டையும் ‘வரைபடம்’ என்பார்கள். நமக்கு மாப் என்பது தேசப்படம், கிராஃப் என்பது வரைபு. புள்ளியும் கோடும் கொண்ட இந்த உருவத்துக்குக் ‘கோட்டுரு’ என்ற நல்ல சொல்லும் இருக்கிறது. சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. ஏனென்றால் கூட்டங்களில் நமக்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் வரைபுகள்: இத்தனை கிலோமீற்றர் வீதி, இத்தனை வீடு, ஏறிச்செல்லும் கோடு. அவை பொய்யென்று நான் சொல்லவில்லை. அவை ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை. ‘எது எதோடு’ என்ற கேள்விக்குக் கோட்டுருதான் விடை தரும்.

மருமகள் கொப்பியை எடுத்துப் புதிய பக்கம் ஒன்றில் எங்கள் ஊருக்கு ஒரு புள்ளி வைத்தாள். வைத்தியசாலைக்கு ஒன்று, உயர்தரப் பாடசாலைக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. பிறகு, “இரவு பத்து மணிக்கு எத்தனை கோடு கீறலாம் மாமா?” என்று கேட்டாள். உங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று கீறிப் பாருங்கள்.