பாரிமுனையில் தமிழ்ப் பாட்டு விழா! ஆபீஸ் விட்டதும் நடந்தே போகலாம்

மார்கழி பிறந்தால் சென்னையில் கச்சேரி சீசன். ஆனால் சீசன் என்றதும் எல்லாரும் மயிலாப்பூரையும் தி.நகரையும்தான் கை காட்டுவார்கள். மியூசிக் அகாடமி அந்தப் பக்கம். நாரத கான சபா அந்தப் பக்கம். கிருஷ்ண கான சபாவும் அந்தப் பக்கம்தான். ராயபுரத்துக்காரருக்கும் வண்ணாரப்பேட்டைக்காரருக்கும் "அது அவங்க ஊர் திருவிழா" என்கிற மாதிரி ஆகிவிட்டது.

அப்படி இல்லை. நம்ம பக்கத்திலும் ஒரு மேடை இருக்கிறது. தினம் அதன் வாசலைத் தாண்டித்தான் ஆயிரக்கணக்கான பேர் பஸ்சுக்கும் ரெயிலுக்கும் ஓடுகிறார்கள். அதுதான் பாரிமுனை அருகே உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ் இசைச் சங்கத்தின் சொந்தக் கட்டிடம்.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் பிற்பகுதியில் இங்கே தமிழ் இசை விழா நடக்கும். தொடங்கினால் புத்தாண்டு வரைக்கும் பாட்டுதான். வாய்ப்பாட்டு, நாதசுரம், வீணை, தேவாரம் என்று நாள் முழுக்க வரிசையாக இருக்கும். இந்த ஆண்டு விழாவுக்கும் நாள் நெருங்குகிறது.

சண்டையில் பிறந்த சங்கம்

இது சாதாரண சபா அல்ல. ஒரு பெரிய சண்டையில் பிறந்தது.

அந்தக் காலத்தில் ஒரு வித்வான் மேடை ஏறினால் மூன்று மணி நேரம் பாடுவார். அதில் பெரும் பங்கு தெலுங்குக் கீர்த்தனை. மீதி சமஸ்கிருதம். தமிழ்ப் பாட்டு எப்போது வரும்? கடைசியில். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, துக்கடா என்ற பெயரில் இரண்டு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கு மாதிரி!

"தமிழ்நாட்டில் தமிழன் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறான். அவனுக்குப் புரிகிற பாஷையில் பாடக்கூடாதா?" என்ற கேள்வி எழுந்தது. கேள்வியோடு நிற்காமல் காரியத்தில் இறங்கியவர் செட்டிநாட்டு அரசர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1929ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். 1941ல் அங்கே தமிழ் இசை மாநாடு கூட்டினார். 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உதயமானது.

சும்மா விட்டார்களா எதிர் தரப்பில்? "சங்கீதத்துக்கு ஏது பாஷை" என்றார்கள். மொழியைக் காரணம் காட்டி சங்கீதத்தின் தரம் தாழ்ந்துவிடக் கூடாது என்ற கருத்தில் 1941ல் மியூசிக் அகாடமி தீர்மானமே போட்டது. இந்தப் பக்கம் கல்கி, ரசிகமணி டி.கே.சி., ராஜாஜி, ஆர்.கே.சண்முகம் செட்டியார். பத்திரிகைகளில் அனல் பறந்தது.

1946ல் திருவையாறு தியாகராஜர் உற்சவத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழில் ஒரு பிள்ளையார் பாட்டு பாடினார். அதனால் சன்னிதானமே தீட்டாகிவிட்டது என்று பேச்சு கிளம்பி, ஊரெல்லாம் ரகளை ஆனது. பிள்ளையாருக்குத் தமிழ் ஆகாதாம்! இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் கீர்த்தனைதான் மூத்தது. சீர்காழி மூவர் என்று சொல்கிறோமே முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, இவர்களில் முத்துத்தாண்டவர் ரொம்ப முந்தியவர். ராம நாடகம் பாடிய கவிராயர் 1779ல் காலமானார். அப்போது தியாகராஜருக்கு வயது 12. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாட்டுக் கட்டும் வழக்கம் அதற்குள் இங்கே நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் முத்துத்தாண்டவர் பாட்டுகள் பலவற்றுக்குப் பழைய மெட்டு இல்லை. பாடுவார் இல்லாமல் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் புது மெட்டுப் போட்டுத்தான் பாடுகிறார்கள். ஒரு பாட்டை நாலு தலைமுறை மேடையில் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கட்டியவர் பார்க்கவில்லை

சங்கத்துக்கு சொந்த மண்டபம் எழும்பியது 1952ல். அண்ணாமலை அரசர் 1948லேயே மறைந்துவிட்டார். தன் பெயர் தாங்கிய மன்றத்தில் அவர் ஒரு கச்சேரி கூட கேட்கவில்லை. மகன் ராஜா சர் முத்தையா செட்டியார் காலத்தில் விழா வளர்ந்தது.

மன்றத்தில் நாடகம், பாராட்டு விழா, பள்ளி ஆண்டு விழா எல்லாம் நடக்கும். அதற்காகப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். டிசம்பர் விழாவுக்கு மட்டும் தயங்குகிறோம்.

பண் தெரியுமா, ராகம் தெரியுமா?

"நமக்கு சங்கீதம் புரியுமா சார்?" என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம். தேவாரம் காதில் விழாத ஆள் உண்டா? கோவிலில் ஓதுவார் பாடுகிறாரே, அதில் இருக்கிறது எல்லாம். ஓதுவார் தக்கேசிப் பண் என்று பாடுவது கச்சேரியில் காம்போதி. பழம்பஞ்சுரம்தான் சங்கராபரணம். மேகராகக்குறிஞ்சி என்பது நீலாம்பரி, அம்மா தாலாட்டுப் பாடிய அதே நீலாம்பரி. இந்தப் பண் விவகாரத்தையெல்லாம் ஓதுவார்களையும் புலவர்களையும் வித்வான்களையும் ஒன்றாக உட்கார வைத்து 1949 முதல் ஆராய்ந்து வருகிறது இந்தச் சங்கம். பண்ணிசைக்கென்று தனிப் பட்டமே கொடுக்கிறார்கள். வேறு சபாக்களில் ஓதுவாருக்கு எங்கே இடம்?

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது எல்லா சபாவிலும் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. பாபநாசம் சிவனும் கோபாலகிருஷ்ண பாரதியும் பெரியசாமித் தூரனும் இல்லாத கச்சேரி குறைவு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடி கேளுங்கள். முக்கால் மணி நேரம் விஸ்தாரமாக ஆலாபனை, நிரவல், கற்பனை சுரம், தனி என்று ஓடுகிற பெரிய உருப்படி எந்த மொழியில் வருகிறது? பல இடங்களில் பழைய கதைதான். தமிழ்ப் பாட்டுக்குப் பந்தியில் இடம் கிடைத்துவிட்டது, தலைவாழை இலை இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. இந்த மன்றத்தில் அந்த இலை கட்டாயம் உண்டு.

காலி நாற்காலி

சீசனில் இன்னொரு சங்கதி. பெரிய பெயர்கள் மாலையில் பாடுவார்கள். கூட்டம் தானாக வரும். பகலில் பாடுவது இளசுகள். பத்து வருடம் குருவிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டு வந்து, முதல் முதலாக மேடை ஏறுகிற பிள்ளைகள். எதிரே பார்த்தால் அம்மா, அப்பா, பாட்டு வாத்தியார், மின்விசிறிக்குக் கீழே கண் அயர்ந்த இரண்டு பேர். பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் கட்டணமே கிடையாது, அப்படியும் இந்த நிலை. இன்று மாலைக் கச்சேரியில் அமர்க்களப்படுகிற வித்வான்களில் பலர் அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடித்தான் மேலே வந்தவர்கள். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கிற நேரத்தில், கடைப் பையனிடம் கல்லாவைச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் போய் உட்காரலாமே. பாடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு தலை பெரிசு.

கிளார்க் சார்களுக்கு மாலைதான் தோது. பீச் ஸ்டேஷன், கோட்டை ஸ்டேஷன் இரண்டும் எட்டும் தூரம். 2019 முதல் ஐகோர்ட்டு மெட்ரோ வேறு வந்துவிட்டது. யார் என்றைக்கு, எத்தனை மணிக்கு, டிக்கெட் உண்டா இல்லையா என்பதை முதல் நாளே மன்றத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

போனால் ஒரே ஒரு வேண்டுகோள். மிருதங்கக்காரர் தனி ஆரம்பித்ததும் காபிக்கு எழுந்துவிடாதீர்கள். அவர் ஒரு மணி நேரமாக மற்றவருக்கு வாசித்துவிட்டு இப்போதுதான் தனக்காக வாசிக்கிறார். அது முடிந்த பிறகும் பாட்டு இருக்கிறது. அதனால் போகுமுன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "இன்னிக்கு வர லேட்டாகும், சாப்பாட்டை எடுத்து வெச்சிடு" என்று சொல்லிவிடுங்கள்.