அச்சுப்படமும் அதன் பெறுமதியும்: போருக்குப் பிந்திய பிரெஞ்சு உருவ ஓவிய அச்சுகளைச் சேகரித்தல் பற்றிய சில குறிப்புகள்

ஓவியம் ஒன்றே ஒன்றாய் இருப்பது. அச்சுப்படமோ பலவாக வெளிவருவதையே இயல்பாகக் கொண்டது. ஒரே கல்லிலிருந்து எடுக்கப்படும் நூறு தாள்களும் மூலங்களேயன்றி, அவற்றுள் எதுவும் நகலன்று. அங்ஙனமாயின், பலரையும் சென்றடையத்தக்க இக்கலைவடிவம் சிலர் கைக்குள் அடங்கும் அரும்பொருளானது எவ்வாறு? இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட பிரான்சிலே, மனித உருவத்தைக் கைவிடாத ஓவியர்களின் அச்சுப்படங்களும் அவற்றைச் சேகரிப்போரின் நடைமுறைகளும் இவ்வினாவுக்கு விடைகாண உதவுகின்றன.

அக்காலப் பிரான்சிலே உருவம் தீட்டுவதா, அரூபத்தை நாடுவதா என்பது வெறும் பாணி பற்றிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஜேர்மனிய ஆக்கிரமிப்பு நீடித்த 1944இல், எதிர்ப்பியக்க ஓவியர்கள் கல்லச்சுத் தொகுதி ஒன்றை இரகசியமாக வெளியிட்டு, ஆயுதந்தாங்கிய போராளிகளுக்கு நிதி சேர்த்தனர். அம்முயற்சியில் முன்னின்றவர் அந்த்ரே ஃபூஜெரோன். 1948இல் இலையுதிர்காலக் கண்காட்சியிலே, மீன் விற்குமிடத்தின் முன் வாடிய முகத்தோடு நிற்கும் பெண்களைக் காட்டிய அவரது 'சந்தையில் பாரிஸ் பெண்கள்' என்ற ஓவியம், சோஷலிச யதார்த்தவாதம் பற்றிய கடும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதே ஆண்டில், இருபது வயதளவினரான பேர்னார் புஃபே, பேர்னார் லொர்ஜுவுடன் விமர்சகர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெலிந்த மாந்தரையும் வறிய மேசைகளையும் கூரிய கருங்கோடுகளால் வரைந்தவர் அவர். முன்னவர் போராட்டத்தையும் பின்னவர் விரக்தியையும் காட்டினர். எனினும் போர் விட்டுச்சென்ற பசியே இருவருக்கும் பொதுவான களம் எனலாம்.

இவ்விடத்து இடதுசாரி விமர்சனத்தின் குறைபாட்டையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1953இல் ஸ்டாலின் மறைந்தபோது பிக்காசோ வரைந்த உருவப்படத்தைப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை பகிரங்கமாகக் கண்டித்தது. அச்சம்பவம், சமுதாயப் பொருளை வற்புறுத்தும் நோக்கு கட்டளையாகச் சுருங்கும் அபாயத்தை நமக்கு உணர்த்துகின்றது.

இனி, பட்டறைக்குள் நோக்குவோம். 1945 நவம்பரில் பிக்காசோ பாரிஸின் சாப்ரோல் வீதியிலிருந்த ஃபெர்னான் மூர்லோவின் கல்லச்சகத்துக்குச் செல்லலானார். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் என்பதே கல்லச்சின் அடிப்படை. பசைமிக்க மையால் வரைந்த இடம் அச்சுமையை ஏற்க, நனைந்த ஏனைய இடம் அதனைத் தள்ளிவிடும். 1949 ஜனவரியில் இம்முறையாலேயே, கல்லுக்குப் பதிலாகத் துத்தநாகத் தகட்டிலே, பிக்காசோ புறா ஒன்றை ஆக்கினார். கையொப்பமும் இலக்கமும் இடப்பட்ட 50 பிரதிகள் சேகரிப்போருக்கென எடுக்கப்பட்டன. அதே புறா, லூயி அராகோனின் தெரிவினால், அவ்வாண்டு ஏப்ரலில் பாரிஸில் நடைபெற்ற சமாதான மாநாட்டின் சுவரொட்டியாகித் தெருச் சுவர்களில் ஏறிற்று. உருவம் ஒன்றே, அதன் வாழ்வோ இரண்டு. ஒன்றில் பயன்பெறுமதி மேலோங்கியது. மற்றதிலே பரிவர்த்தனைப் பெறுமதி.

மறுஉற்பத்தி கலைப்பொருளைச் சூழ்ந்த ஒளிவட்டத்தைத் தேய்க்கும் என 1936இல் வால்ட்டர் பெஞ்சமின் வாதிட்டார். சந்தையோ அவ்வொளிவட்டத்தைப் பென்சிற் கையொப்பத்தினால் மீட்டுக்கொண்டது. தாளின் கீழ்விளிம்பில் '12/75' எனக் காணப்படின், அது எழுபத்தைந்து பிரதிகளுள் பன்னிரண்டாவது என்பது பொருள். ஓவியருக்கென ஒதுக்கப்பட்டவையும் விற்பனைக்கு அப்பாற்பட்டவையும் வேறு எழுத்துக் குறிகளைப் பெறும். எண்ணிக்கை முடிந்ததும் கல்லிலுள்ள உருவம் அழிக்கப்படும்.

இவ்வரையறை எங்கும் ஒரே காரணத்தால் எழுவதன்று. 1952இல் லொத்ரேயமோனின் 'மால்தொரோர்' நூலுக்குப் புஃபே ஆக்கிய படங்கள், தகட்டிலே கூரிய ஊசியால் நேரே கீறப்பட்டவை. கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பற்றிக் கோட்டுக்கு மென்மையான கருமை தரும். தகட்டுக்கு உருக்குப் பூச்சிடாவிடின், சில பத்துத் தாள்களுக்குள் அப்பிசிறு தேய்ந்துவிடும். இங்கு அருமை பொருளின் இயல்பிலிருந்து பிறக்கின்றது. கல்லச்சோ மிகப்பல பிரதிகளைத் தாங்கவல்லது. ஐம்பதுடன் நிறுத்துவது கல்லன்று, சந்தையே. இவ்வேறுபாட்டை அறிதலே சேகரிப்போருக்கு முதற்பாடம்.

இரண்டாம் பாடம் உழைப்புப் பற்றியது. ஓவியர் தாமே கல்லில் வரைந்தவை ஒருவகை. அவரது ஓவியத்தைப் பார்த்துத் தேர்ந்த கைவினைஞர் கல்லில் ஆக்கியவை மற்றொரு வகை. ஒளிப்பட முறையால் அச்சிட்டவை பிறிதொரு வகை. மூர்லோ பட்டறையின் ஷார்ல் சொர்லியே, சாகாலின் ஓவியங்களை இரண்டாம் வகையில் ஆக்கியவர். இத்தகைய தாள்களிலே ஓவியரின் கையொப்பம் விலையை உயர்த்த, கைவினைஞரின் பெயரோ ஓரத்திற் சிற்றெழுத்தாகவே நிற்கின்றது. ஆதலின் கையொப்பத்தை இறுதியிலேயே பார்த்தல் நன்று. உருப்பெருக்கியிலே சீரான புள்ளி வரிசை தோன்றின், அது ஒளிப்பட அச்சு. ஒழுங்கற்ற குருணை தோன்றின், கல்லிலே கைபட்டிருத்தல் கூடும். ஊசிக் கீறலாயின் தகட்டின் விளிம்பு தாளிற் பதிந்திருக்கும். தாளின் நீர்க்குறியையும் முழுமையான பட்டியல் நூல்களையும் ஒப்புநோக்கல் அவசியம். அதேவேளை, மேக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை வெளியிட்ட 'தெரியேர் ல மிர்வார்' இதழிற் கையொப்பமின்றி இடம்பெற்ற கல்லச்சுகள் பலவும் மூலங்களே என்பது மனங்கொளத்தக்கது.

1968 மே மாதம் இம்முரண்பாட்டை உச்சத்துக்குக் கொணர்ந்தது. மாணவரும் ஓவியரும் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றி 'மக்கள் பட்டறை'யை நிறுவினர். முதற் சுவரொட்டி கல்லச்சில் ஆனது; அதன் வேகம் போதாமையால் பட்டுத்திரை அச்சு கைக்கொள்ளப்பட்டது. எதிலும் கையொப்பமில்லை, இலக்கமில்லை. அவற்றுக்குரிய இடம் போராட்டக் களமேயன்றி அலங்காரச் சுவரன்று என அவர்கள் எச்சரித்தனர். ஜூன் இறுதியிற் பொலிசார் பட்டறையை மூடினர். பிற்காலத்தே அச்சுவரொட்டிகளும் ஏலத்துக்கு வந்தன.

இதைக்கொண்டு சேகரித்தலை முற்றாகப் பழித்தல் ஒருபக்கப் பார்வையாகும். சுவரில் ஒட்டியவை மழையிலும் பொலிசாரின் கையிலும் அழிந்தன. எடுத்து மறைத்து வைத்தவையே இன்று சான்றாகின்றன. எனவே எம்முன் உள்ள வினா, சேகரிப்பதா இல்லையா என்பதன்று. எதனை, எதற்காக என்பதேயாகும். கையொப்பத்தைச் சேகரிப்பவர் பண்டத்தைச் சேகரிக்கின்றார். எந்தப் பட்டறையில், எவர் உழைப்பால், எந்தத் தேவைக்காக ஒரு தாள் பிறந்தது என்பதை அதனோடு சேர்த்துக் குறித்துவைப்பவரோ வரலாற்றைச் சேகரிக்கின்றார். அக்குறிப்பு இல்லாதவிடத்து, பசியை வரைந்த கோடும் செல்வர் வீட்டுச் சுவருக்கு அணியாகவே எஞ்சும்.